விளக்கெண்ணெய்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டபோது, "எனக்குக் கவிதை வராதுப்பா" என்று நழுவப் பார்த்தேன். "கவிதைக்கு ஏற்கெனவே முப்பது பேர் க்யூவில் நிற்கிறார்கள். நீ லாங் பஜார்ல உன் கடையில நடந்ததை எழுது" என்று சொல்லிவிட்டார்கள். 'உன் கடை' என்று அவர்கள் சொன்னது என் கடை இல்லை. நான் சாயந்திரம் ஐந்தரை மணியிலிருந்து ஒன்பது மணி வரை வேலை பார்க்கிற பாய் கடை. ஹார்டுவேர், பெயின்ட், கயிறு, பூட்டு எல்லாம் உண்டு.

வேலூர்க்காரர்களுக்கு லாங் பஜாரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஹாஸ்டல் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். நேதாஜி மார்க்கெட் பக்கம் காய்ந்த மிளகாய் மூட்டை இறங்குகிற நேரத்தில் அந்தத் தெருவில் தும்மாமல் நடந்து காட்டுகிறவனுக்கு நான் டீ வாங்கித் தருகிறேன். மளிகை மூட்டை, பிளாஸ்டிக் குடம், மினி லாரி, தள்ளு வண்டி, நடுவில் ஒரு மாடு. அந்த நெரிசலில்தான் போன மார்கழி மாதம் ஒரு நாள் வயதான சார் ஒருவர் கடைக்கு வந்தார். கையில் பழைய பிஸ்கட் தகர டப்பா. பாயிடம், "ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருந்தா காட்டுங்க, இதுக்குள்ள போற மாதிரி" என்று டப்பாவைத் திறந்தார். உள்ளே துணியில் சுற்றி ஒரு எஞ்சின்.

எஞ்சின் என்றால் பைக் எஞ்சின் அளவு இல்லை நண்பர்களே! என் உள்ளங்கையில் அடங்கிவிட்டது. ஆனால் சிலிண்டர் இருக்கிறது, காற்றில் ஆறுவதற்குப் பட்டை பட்டையாக ஃபின் இருக்கிறது, கார்புரேட்டர் மாதிரி ஒரு குழாயும் ஊசி வால்வும் இருக்கிறது, முன்னால் புரொப்பெல்லர் மாட்டுகிற தண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றின் மேலும் பழுப்பு நிறத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. தண்டைப் பிடித்துத் திருப்பினால் அசையவே இல்லை. சிமென்ட் போட்டு இறுக்கின மாதிரி.

"இது மாடல் ஏரோபிளேன் எஞ்சின் தம்பி. ரெண்டரை சி.சி. கல்கத்தாவில் செஞ்ச அரோரா. நான் மெட்ராஸ்ல காலேஜ் படிச்சப்போ என்.சி.சி. ஏர் விங்ல இருந்தேன். 1974-ல இது பறந்துச்சு."

அப்போதுதான் நான் வாயை விட்டேன். "குடுங்க சார், நான் கழட்டி க்ளீன் பண்ணித் தரேன். நான் மெக்கானிக்கல் தேர்ட் இயர் சார்."

இந்த ஒரு வரியைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு தாண்டியவன் நான்தான். நைனா மேல்விஷாரம் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் டிரம் ஓட்டுகிறார். அம்மா ஷூ அப்பர் தைக்கப் போகிறாள். கொசப்பேட்டையில் எங்கள் தெருவில் யார் வீட்டில் மிக்ஸி நின்றாலும் நைனா, "எம் பையன் மிஷினு படிக்கிறான், எடுத்தாங்க" என்று சொல்லிவிடுவார். இதுவரை நான் பார்த்த மிக்ஸிகளில் சரியானது இரண்டு. அது வேறு கதை.

சார் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு டப்பாவை மூடி என்னிடம் கொடுத்தார். "எங்க அண்ணன் முதல் சம்பளத்துல வாங்கிக் குடுத்தது. அவர் இப்ப இல்லை. அவசரம் இல்லை, பார்த்துப் பண்ணு" என்றார்.

அவசரம் இல்லை என்று அவர்தான் சொன்னார். எனக்கு இருந்தது.

முதல் இரண்டு நாள் நான் செய்ததில் தப்பு சொல்ல முடியாது. வீட்டில் பழைய கேனில் மிச்சம் இருந்த மண்ணெண்ணெயில் எஞ்சினை முங்க வைத்தேன். எந்த மெக்கானிக் ஷெட்டிலும் முதலில் அதைத்தானே செய்கிறார்கள்? செயின், பேரிங், கியர் எது அழுக்கானாலும் மண்ணெண்ணெய். இரண்டாம் நாள் எடுத்துப் பார்த்தால், மேலே இருந்த தூசி போயிருந்தது, பழுப்புப் பூச்சு முன்பைவிடப் பளபளப்பாக இருந்தது. சரி என்று அரை நாள் பெட்ரோலில் போட்டேன். அதற்கும் அசையவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி, கடை மூடுகிற நேரம். பாய் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டிங் பிளேயரை எடுத்து, தண்டின் நுனியில் ஒரு துணியைச் சுற்றிப் பிடித்து ஒரு திருகு திருகினேன். துணி கிழிந்தது. பிளேயரின் பல் தண்டின் மேல் வழுக்கியது. 'க்ரீச்' என்ற சத்தம். எடுத்துப் பார்த்தேன். புரொப்பெல்லரை இறுக்குகிற நட் ஏறும் மரையில் முதல் மூன்று சுற்று நசுங்கிப் படுத்துவிட்டது. நட்டைப் போட்டுப் பார்த்தேன். ஏறவில்லை.

எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. இரண்டு வருடம் ஃபிட்டிங் ஷாப்பில் நின்றவன். மரை உள்ள தண்டைப் பிளேயரால் பிடிக்கக் கூடாது என்பது முதல் செமஸ்டரில் முதல் வாரம் சொல்லித் தருகிற பாடம். டப்பாவை மூடி மேல் தட்டில் பெயின்ட் டின்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் சார் வந்தார். "என்ன தம்பி, ஏதாவது அசைஞ்சுதா?"

"வேலை நடக்குது சார். ஊற வெச்சிருக்கேன்."

அதற்கு மறுநாளும் வந்தார். அதே பதில். சாருக்கு அந்தப் பக்கம் வேறு வேலை எதுவும் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். டீக்கடையில் நின்று ஒரு டீ குடித்துவிட்டு, "கம்பியில கட்டிப் பறக்கவிடுவோம் தம்பி. பதினஞ்சு மீட்டருக்கு மேல ரெண்டு ஸ்டீல் கம்பி. நடுவுல நாம நின்னு சுத்தணும், அது நம்மளைச் சுத்தும். இறங்கினதும் நமக்குத் தலை சுத்தும்" என்று சொல்லிச் சிரிப்பார். என்.சி.சி. 1948-ல் ஆரம்பித்தது, விமானப் பிரிவு 1950-ல் வந்தது என்றெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இன்றும் வாயு சைனிக் கேம்ப்பில் ஏரோ மாடலிங் போட்டி உண்டாம். நானும் சிரிப்பேன். மேல் தட்டைப் பார்க்க மாட்டேன்.

அந்த வாரம் நம் லைப்ரரியில் நான் உட்கார்ந்த நேரம், பரீட்சைக்கு உட்கார்ந்த நேரத்தைவிட அதிகம். மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் அசையாத பிசின் எது? பதிலை சாரே போகிற போக்கில் கொடுத்துவிட்டார். "இதுக்கு ஃப்யூயல் நாங்களே கலப்போம். ஈதர் ஒரு பங்கு, கெரசின் ஒரு பங்கு, விளக்கெண்ணெய் ஒரு பங்கு."

விளக்கெண்ணெய்! சின்ன வயதில் அம்மா மடியில் படுக்கவைத்து மூக்கைப் பிடித்து ஊற்றுவாளே, அதே ஆமணக்கு எண்ணெய். புத்தி மந்தமானவனைத் திட்டக்கூட நாம் அந்தப் பெயரைத்தான் எடுக்கிறோம். ஆனால் எஞ்சின் உலகத்தில் அதற்கு இருக்கிற மரியாதையே தனி. முதல் உலகப் போரில் பறந்த ரோட்டரி எஞ்சின் விமானங்களில் மசகு எண்ணெய் இதுதான். அந்த எஞ்சின்களில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் கேஸ் வழியாகவே போகும். சாதாரண மினரல் எண்ணெய் ஊற்றினால் பெட்ரோல் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் சரியாகக் கரையாது, அதனால் இரும்பின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும். எரியாத எண்ணெய்ப் புகை நேராக விமானியின் முகத்தில் அடிக்குமாம். பாவம், மேலே சண்டை, வயிற்றில் ஒரு சண்டை. காஸ்ட்ரால் என்ற பெயர்கூட 'காஸ்டர்' என்பதிலிருந்து வந்ததுதான். 1909-ல் வேக்ஃபீல்டு கம்பெனி அந்தப் பெயரை வைத்தபோது அவர்கள் எண்ணெயில் ஆமணக்கு எண்ணெய் கலந்திருந்தது.

பெட்ரோலில் கரையாது என்ற இந்த வரியைப் படித்தபோது லைப்ரரியிலேயே தலையில் அடித்துக்கொண்டேன். நான் இரண்டரை நாள் ஊற வைத்தது எதில்? மண்ணெண்ணெயிலும் பெட்ரோலிலும்! இந்த எண்ணெயின் மூலக்கூறில் ஓ.எச். என்ற ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. ஆல்கஹாலிலும் இருப்பது அதுதான். ஆகவே ஆல்கஹாலோடு சேரும், பெட்ரோலிய எண்ணெய்களோடு அவ்வளவாகச் சேராது. சார் சொன்ன கலவையில் கெரசினும் விளக்கெண்ணெயும் பிரியாமல் நிற்பதே நடுவில் ஈதர் இருந்து இரண்டையும் சேர்த்து வைப்பதால்தான். ஈதருக்கு இன்னொரு வேலையும் உண்டு. இது டீசல் வகை எஞ்சின், பிளக் கிடையாது. அழுத்தச் சூட்டிலேயே சீக்கிரம் பற்றிக்கொள்வது ஈதர். அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் சிலிண்டர் தலையில் ஒரு திருகு இருக்கிறது.

இன்னொன்றும் படித்தேன். விளக்கெண்ணெய் சும்மா வைத்தால் லேசில் காயாத எண்ணெய். ஆனால் சூட்டில் வேதியியல் முறைப்படி அதிலிருந்து நீரைப் பிரித்துவிட்டால் காய்கிற எண்ணெய் ஆகிவிடும். பெயின்டுக்கும் வார்னிஷுக்கும் அதைப் போடுகிறார்கள். எஞ்சின் சூட்டில் வெந்து, பிறகு வருடக்கணக்கில் காற்றுப் பட்டுக் கிடந்தால் என்ன ஆகும்? சாருடைய எஞ்சினுக்குள் பிஸ்டனையும் தண்டையும் பிடித்துக்கொண்டிருந்தது அழுக்கு இல்லை, ஒரு மாதிரி வார்னிஷ். பெயின்ட் கடையில் வேலை பார்க்கிறவனுக்கு இது மூன்றாம் நாளே தோன்றியிருக்க வேண்டாமா?

சரி, ஆல்கஹால் வேண்டும். பாயிடம் போய், "பாய், கொஞ்சம் மெத்தனால் எங்க கிடைக்கும்?" என்றேன்.

பாய் கணக்கு நோட்டை மூடிவிட்டார். "இன்னா கேட்ட? மறுபடி கேளு."

"எஞ்சின் கழுவ பாய்..."

"கள்ளக்குறிச்சியில இன்னா ஆச்சுன்னு தெரியாதா உனக்கு? கடையில அந்தப் பேரையே எடுக்காத. எவன் காதுல விழுந்தா இன்னா ஆவும்?"

அவர் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்துப் போனார்கள். அதற்கு முந்திய வருடம் மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் அப்படித்தான். எஞ்சினைச் சுத்தம் செய்கிற அதே திரவம். லைசென்ஸ் இல்லாமல் அதை வாங்கவும் விற்கவும் கூடாது. நான் எதற்குக் கேட்டேன் என்பது எனக்கும் பாய்க்கும்தான் தெரியும், கேட்கிற மூன்றாவது ஆளுக்குத் தெரியுமா? வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து பாயே, "டேய், என்.சி. தின்னர் போட்டுப் பாரு. வார்னிஷுதானே? பிரஷ்ல காய்ஞ்சதையே எடுக்குதே" என்றார். பாய் ஆறாம் கிளாஸ்.

தின்னரில் போடுவதற்கு முன் இந்த முறை ஒழுங்காக வேலை செய்தேன். தலையில் இருந்த அழுத்தத் திருகை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொண்டு தளர்த்தினேன். ஊசி வால்வையும் அப்படியே எண்ணிக் கழற்றினேன். பின்மூடியின் நான்கு ஸ்க்ரூவை, எது எந்தத் துளை என்று அட்டையில் படம் வரைந்து குத்தி வைத்தேன். மூடியைத் திறந்தால் உள்ளே வெல்லப்பாகு! கனெக்டிங் ராடு அதற்குள் புதைந்து கிடந்தது. சிலிண்டரை நான் கழற்றவில்லை. இந்தப் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. சிலிண்டரோடு சேர்த்துத் தேய்த்தே பொருத்தியிருக்கிறார்கள், இடைவெளி சில மைக்ரான்தான். புகை போகும் துளை வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டுப் பிஸ்டனை நெம்பலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. மரையை நினைத்தேன், கையை எடுத்துக்கொண்டேன்.

ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டிலில் தின்னரை ஊற்றி, எஞ்சினை உள்ளே இறக்கி, மூடி போட்டு மொட்டை மாடியில் அடுப்பு, பீடி எதுவும் நெருங்காத மூலையில் வைத்தேன். இரண்டு ராத்திரி. தின்னர் டீ நிறத்துக்கு வந்தது. மேல் பூச்சு எல்லாம் போய் வெள்ளி மாதிரி ஆகிவிட்டது. ராடு தெரிந்தது. ஆனால் தண்டு? விரல் வலிக்கத் திருப்பினேன். ம்ஹூம்.

அன்று ராத்திரி பத்து மணிக்கு நைனா ஷிப்டு முடிந்து வந்தார். கை கழுவிக்கொண்டே, நான் படிக்கட்டில் உட்கார்ந்து எஞ்சினை உருட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"இன்னாடா அது, பொம்மையா?"

சொன்னேன். மரையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

நைனா வாங்கி மூக்கருகில் வைத்து முகர்ந்தார். "விளக்கெண்ண கெணக்காதான் கீது. குளிர்ல வெச்சி திருவினா எப்பிடிடா வரும்? நாங்க டிரம்முல பேட்லிக்கர் வுடறப்ப சுடுதண்ணி இல்லாம வுட மாட்டோம். ஆறிப்போச்சின்னா எண்ண தோலுக்குள்ளாற எறங்காது, மேலயே பிசுபிசுன்னு நிக்கும். சூடு காட்டுடா. காட்டிட்டு, புது எண்ண ரெண்டு சொட்டு வுடு. பழசு தானா எளவும்."

தோல் பதனிட்டுச் சாயம் ஏற்றிய பிறகு அது விறைத்துப் போகாமல் இருக்க எண்ணெய் ஏற்றுவதுதான் பேட்லிக்கர். டிரம்மில் ஐம்பது, அறுபது டிகிரி சூட்டில் ஓட்டுவார்கள். அதில் போடுகிற எண்ணெய்களில் கந்தக அமிலம் சேர்த்துத் தண்ணீரோடு கலக்கும்படி செய்த விளக்கெண்ணெயும் ஒன்று. டர்க்கி ரெட் ஆயில் என்று புத்தகத்தில் இருக்கிறது. நைனாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. இருபத்திரண்டு வருடமாக அதில் கை வைக்கிறார்.

எனக்கும் அப்போதுதான் பொறி தட்டியது. தண்டு இரும்பு, அதைச் சுற்றியிருக்கிற கிராங்க் கேஸ் அலுமினியம். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூடு காட்டினால் பிசினும் இளகும், பிடியும் தளரும். முதல் வருட பிசிக்ஸ். எழுதி மார்க் வாங்கிய கணக்கு.

தின்னரில் ஊறிய பொருளைச் சூட்டருகில் கொண்டுபோவது தற்கொலை. ஆகவே நன்றாகத் துடைத்து, ஒரு பகல் முழுக்க மாடி வெயிலில் காயவிட்டேன். மே மாதமாக இருந்திருந்தால் வேலூர் வெயிலே மிச்ச வேலையையும் முடித்திருக்கும். மார்கழி ஆயிற்றே! கடைக்குப் பக்கத்து சலூன் அண்ணாவிடம் முடி காய வைக்கிற டிரையரைக் கேட்டேன். அவர் அதைக் கொடுக்கவில்லை. "என் கண் முன்னால பண்ணு" என்று சலூனிலேயே இடம் கொடுத்தார். தகர டப்பாவுக்குள் எஞ்சினை வைத்து, புகைத் துளையிலும் தண்டு போகிற இடத்திலும் புது விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, டிரையரைக் காட்டினேன். ஷேவிங்குக்கு உட்கார்ந்திருந்தவர் முகத்தில் நுரையோடு திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். துளையிலிருந்து பழுப்பாக ஒரு துளி வழிந்தது. தடித்த துணியால் எஞ்சினைப் பிடித்து, மரைக்குப் பின்னால் இருக்கிற வட்டத் தட்டை விரலால் மெல்ல இந்தப் பக்கம், அந்தப் பக்கம் அசைத்தேன். முடி அளவு நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் சூடு, ஒரு சொட்டு எண்ணெய். நெல் அளவு. பிறகு கால் சுற்று. பிறகு, நண்பர்களே, 'பொளக்' என்று ஒரு முழுச் சுற்று!

"வந்துடுச்சிடா!" என்று கத்தியது நான் இல்லை. நுரையோடு இருந்தவர்.

எஞ்சின் சுற்றுகிறது. இனி சாரிடம் என்ன சொல்வது? ஒரு வாரமாகப் பெயின்ட் டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தது எஞ்சினை மட்டும் இல்லையே.

மறுநாள் சார் வந்ததும் டப்பாவைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். சுற்றிப் பார்த்தார். அவர் முகத்தை எழுத எனக்கு மொழி போதாது. பிறகு கண்ணாடியை மேலே தள்ளி மரையைப் பார்த்தார்.

"இது எப்ப?"

"மூணாம் நாள் சார். பிளேயர் போட்டேன்."

"ஏன் அன்னிக்கே சொல்லலை?"

எனக்குப் பதில் வரவில்லை. 'மெக்கானிக்கல் தேர்ட் இயர்' என்று சொன்ன வாயால் எப்படிச் சொல்வது? சார் டப்பாவைக் கவுண்டரில் வைத்தார். "மரை போனா போகுது. ஒரு வாரமா டீக்கடையில நான் சொன்னதுக்கெல்லாம் சிரிச்சிக்கினு இருந்தியேப்பா..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் தெருவில் இறங்கிப் போய்விட்டார். எஞ்சினை எடுத்துக்கொண்டு போகவில்லை.

மூன்று நாள் வரவில்லை. பாய்க்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டுவதைவிட மோசம்.

நான் எஞ்சினை நம் ஒர்க் ஷாப்புக்கு எடுத்துப் போனேன். இன்ஸ்ட்ரக்டர் சார் முதலில் என்னைத் திட்ட வேண்டிய அளவுக்குத் திட்டினார். பிறகு பிட்ச் கேஜ் எடுத்து வைத்துப் பார்த்தார். மெட்ரிக் இலை எதுவும் உட்காரவில்லை. அங்குல கேஜில் ஒன்று சரியாக உட்கார்ந்தது. அந்த அளவு டை நம்மிடம் இல்லை. "தண்டு ஹார்டன் பண்ணியிருந்தா எப்படியும் டை பல்லுதான் போகும்" என்று சொல்லி, சின்ன முக்கோண அரத்தின் நுனியை மரையில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். கடித்தது. "மரைப் பகுதி ஹார்டன் இல்லை. உன் அதிர்ஷ்டம். அரத்தாலயே ஒவ்வொரு சுற்றா திற. நல்லா இருக்கிற மரையில ஆரம்பிச்சு நுனிக்கு வா. நுனியில ஆரம்பிக்காதே."

அலுமினியத் தகடு வைத்து வைஸில் பிடித்து, இரும்புத் தூள் உள்ளே போகாதபடி எஞ்சினைத் துணியால் மூடிக் கட்டி, மூன்று நாள் மதிய இடைவேளை முழுக்க அரம் இழுத்தேன். முதல் வருடம் எம்.எஸ். பிளேட்டை அரம் போட்டபோது, 'இதைப் போய் ஏன் கையால செய்யச் சொல்றாங்க, மெஷின் இருக்கே' என்று நாமெல்லாம் முணுமுணுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மூன்று சுற்று மரை. அதற்கு எனக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. மூன்றாம் நாள் நட்டை வைத்தேன். முதல் சுற்றில் கொஞ்சம் கடித்தது. எடுத்தேன், இன்னும் இரண்டு இழுப்பு. பிறகு விரலாலேயே கடைசி வரை ஏறியது.

ஒரு விஷயம் மறக்காமல் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு எப்போதாவது உதவும். தின்னரில் கழுவின இரும்பை அப்படியே விட்டால் ஓரிரு நாளில் துரு பிடிக்க ஆரம்பித்துவிடும். மேலே இருந்த எண்ணெய் மொத்தமும் போய்விடுகிறது இல்லையா? நான் தையல் மிஷின் எண்ணெயை உள்ளேயும் வெளியேயும் விட்டுச் சுற்றி வைத்தேன். அம்மாவின் மிஷினிலிருந்து எடுத்தது. தெரியாமல்.

நான்காம் நாள் சாயந்திரம் சார் வந்தார். பேசவில்லை. செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கவுண்டரில் வைத்தார். பிரித்தேன். மரத்தில் செய்த புரொப்பெல்லர். ஒரு நுனியில் பழைய சிவப்புப் பெயின்ட் உரிந்திருந்தது. நான் எஞ்சினை எடுத்துக் கொடுத்தேன். நட்டைத் தானே விரலால் சுற்றிக் கழற்றினார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார்.

"அரம் போட்டியா?"

"ஆமா சார்."

"எவ்வளவு நேரம்?"

சொன்னேன். தலையை ஆட்டினார். புரொப்பெல்லரை மாட்டி, நட்டை இறுக்கி, நான் அட்டையில் எழுதியிருந்த கணக்கைப் படிக்கச் சொல்லி, அழுத்தத் திருகை அந்தச் சுற்றுக்கு ஒரு சுற்று குறைவாக வைத்தார்.

அன்று சம்பள நாள். நைனா மாத மளிகை வாங்க மேல்விஷாரத்திலிருந்து நேராக லாங் பஜாருக்கே பஸ்ஸில் வந்திருந்தார். கடை வாசலில் துவரம் பருப்புப் பையோடு நின்றவரை, "எங்க நைனா சார்" என்று காட்டினேன். "சூடு காட்டச் சொன்னது இவர்தான்."

"வாங்க, ஒரு தட்டு தட்டுங்க" என்று சார் எஞ்சினை நீட்டினார். நைனா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். டிரம்மில் வேலை செய்கிறவர்கள் கை எப்படி இருக்கும் என்று நம்மில் பாதிப் பேருக்குத் தெரியும். நகம் எல்லாம் நீலம். "கை அழுக்கு சார்" என்றார். "எண்ணெய்தானே, அதுக்குத் தெரியாத அழுக்கா?" என்றார் சார்.

நைனா ஒரு விரலால் புரொப்பெல்லரைத் தட்டினார். பிஸ்டன் மேலே ஏறி, ஒரு கணம் காற்றை அமுக்கி நின்று, 'டப்' என்று தாண்டிக் குதித்தது. ரிங் இல்லாத பிஸ்டன், ஐம்பது வருடத்துக்குப் பிறகு, காற்றை விடாமல் பிடிக்கிறது! சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓடுமா சார் இது?" என்று நைனா கேட்டார்.

"ஓடும். ஈதர் வேணும். அதுக்கு எங்க போறது? கடையில கேட்டா இந்தப் பையனை பாய் வேலையை விட்டே தூக்கிடுவார்."

இப்போது மாடல் விமானங்கள் பெரும்பாலும் பேட்டரி மோட்டாரில் பறக்கின்றன என்றும், பழைய காலேஜ் நண்பர் ஒருவருக்குக் கடிதம் போட்டிருப்பதாகவும், அவரிடம் வழி இருக்கலாம் என்றும் சார் சொல்லிக்கொண்டிருந்தார். வேலூரைப் பற்றி நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று சொல்வார்களே, சாமி 1981-லேயே திரும்பி வந்துவிட்டார், அப்துல்லாபுரத்து ஏரோடிரோமை வைத்து 'விமானம் இல்லாத விமான நிலையம்' என்று நாங்கள் சின்ன வயதில் சேர்த்துக்கொண்டோம் என்று நான் ஏதோ உளறினேன். சார் சிரித்தார். இந்த முறை நானும் உண்மையாகவே சிரித்தேன்.

பாய் பாதி ஷட்டரை இழுத்துவிட்டார். நைனா பருப்புப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர், இரண்டு அடி போய்த் திரும்பி வந்து, "இன்னொரு வாட்டி தட்டட்டுமா சார்?" என்றார்.